வெளியூரிலிருந்து வந்து தருமபுரி, கிருஷ்ணகிரியில் குடியிருப்பவர்களுக்கு: வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் தகனம் வரை என்ன செய்வது

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தவர்கள், தருமபுரிக்கு மாற்றலாகி வந்த வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகளோடு இருக்கலாம் என்று வந்த பெரியவர்கள் என இந்த இரண்டு மாவட்டங்களிலும் சொந்த ஊர் வேறாக உள்ளவர்கள் நிறையப் பேர். சொந்த ஊர் என்றால் சேதி போன அரை மணியில் பங்காளிகள் வாசலில் நிற்பார்கள். பந்தலுக்கு யார் சொன்னார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது, பந்தல் வந்து இறங்கியிருக்கும். வாடகை வீட்டில் இரண்டு பேர், மூன்று பேராக இருக்கும் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆம்புலன்சைக் கூப்பிடுவதா, போலீசுக்குச் சொல்வதா, மயானம் எங்கே என்பதெல்லாம் அழுகைக்கு நடுவே தேட வேண்டியதாகிவிடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பறிகொடுத்தவர் அலையக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை செய்பவரோ, ஒன்று விட்ட தம்பியோ, கொஞ்சம் நிதானமான ஓர் ஆளை நிறுத்துங்கள். இறந்தவரின் ஆதார் அட்டை, மருத்துவச் சீட்டுகள், கொஞ்சம் ரொக்கம் மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போன் எல்லாம் அவர் எண்ணுக்கே வரட்டும். மகனோ மனைவியோ பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டிய நேரத்தில் ஃப்ரீசர் பாக்ஸுக்கு வாடகை பேசிக்கொண்டிருப்பது பெரிய கொடுமை.

டாக்டர் சீட்டு முதலில்

வீட்டில் இயற்கையாக உயிர் பிரிந்திருந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரை வரவழைத்து இறப்பை உறுதி செய்து எழுதி வாங்குங்கள். இறப்புக்கான காரணத்தைக் குறித்துத் தர அவர்களிடம் தனிப் படிவம் உண்டு. கூட்டம் சேர்ந்த பிறகு இதை யாரும் நினைக்க மாட்டார்கள். நகராட்சித் தகன மேடையிலும் அப்புறம் இறப்புப் பதிவிலும் முதலில் கேட்பது இந்தச் சீட்டைத்தான்.

108 ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்கு. ஊழியர்கள் வந்து பார்த்து உயிர் இல்லை என்று தெரிந்தால் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். அதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களின் உடலை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டு செல்ல இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. மருத்துவமனையிலேயே கேட்டாலும் ஏற்பாடு செய்வார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. தனியார் வண்டி என்றால் ஏறுவதற்கு முன்பே மொத்தத் தொகையைப் பேசி முடியுங்கள். திரும்பிப் போகும் தூரமும் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

இந்தப் பக்கத்து மக்கள் பெரிய வைத்தியத்துக்குப் பெங்களூரு போவது வழக்கம். அங்கே இறந்தால் இறப்புப் பதிவும் அங்கேதான் நடக்கும். இறப்பு எந்த ஊரில் நேர்ந்ததோ அந்த ஊர்ப் பதிவாளர்தான் சான்றிதழ் தர முடியும். எனவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், பதிவுக்கு அனுப்பும் படிவத்தில் இறந்தவர் பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகத் திரும்பத் திரும்ப மாநில எல்லை தாண்டி அலைபவர்கள் இங்கே நிறைய உண்டு.

போலீசுக்குச் சொல்ல வேண்டிய சாவு

சாலை விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, கிணற்றில் விழுவது, மின்சாரம் தாக்குவது, மரத்திலிருந்து விழுவது, யானை அடிப்பது, காரணம் தெரியாத திடீர்ச் சாவு எல்லாமே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியவை. சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்ததோ அங்கே சொல்ல வேண்டும். போலீசார் விசாரணை நடத்தி உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பரிசோதனைக்குப் பணம் எதுவும் கிடையாது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான நிலையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். அதற்குக் கூடுதல் நேரம் ஆகும்.

"எதுக்குப்பா அறுத்துக்கிட்டு, பேசாம எடுத்துடலாம்" என்று சொல்லும் பெரியவர் எல்லாச் சாவு வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்காதீர்கள். தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் யானை தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு வனத்துறை இழப்பீடு உண்டு. விபத்துக்கும் மின்சாரச் சாவுக்கும் நிவாரணமும் காப்பீடும் உண்டு. முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் எதுவும் நகராது. எரித்த உடலை மறுபடி பரிசோதிக்க வழியே இல்லை. மறைத்து எரித்தது பிறகு வழக்காக வந்து நிற்கவும் கூடும்.

பரிசோதனை முடிந்த உடல் தைக்கப்பட்டு, துணி சுற்றித்தான் வரும். அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, கட்டின் மேலேயே கோடித்துணி போர்த்தினால் போதும். குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். தருமபுரி-சேலம் நெடுஞ்சாலையில் கோர விபத்துகள் நடக்கும் தொப்பூர் கணவாய் போன்ற இடத்தில் விபத்து என்றால் முகத்தையும் மூடித்தான் தருவார்கள். அப்போது ஒருவர் மட்டும் உள்ளே போய் அடையாளம் பார்த்துவிட்டு வந்தால் போதும். எல்லாரும் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

உடலை வைத்திருக்கும் நேரம்

இறந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை, கழுத்து என்று விறைக்கத் தொடங்கும். பன்னிரண்டு மணி வாக்கில் உடம்பு முழுவதும் விறைத்துவிடும். எனவே கண்ணை மூடுவது, தாடையோடு சேர்த்துத் தலையில் துணி கட்டுவது, கைகாலை நீட்டி இரண்டு கால் கட்டை விரலையும் சேர்த்துக் கட்டுவது எல்லாம் உடனே செய்ய வேண்டியவை. மோதிரம், தோடு, மெட்டியையும் அப்போதே கழற்றி ஒருவரிடம் எண்ணிக் கொடுங்கள். நேரம் ஆக ஆக விரல் வீங்கி மோதிரம் வராது.

கண் தானம் செய்ய விருப்பம் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, மூடிய கண்ணின் மேல் ஈரப் பஞ்சு வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதை மறக்காமல் டாக்டரிடமும் தகன மேடையிலும் சொல்லுங்கள். அதிலுள்ள பேட்டரி சூட்டில் வெடிக்கும். முன்பே எடுத்துவிட வேண்டும்.

வெளியூர் உறவினர் வர வேண்டும் என்றால் ஃப்ரீசர் பாக்ஸ் தேவைப்படும். பந்தல்காரர்களே பெரும்பாலும் வைத்திருப்பார்கள், தனியாகத் தேட வேண்டியதில்லை. பெட்டி வந்ததும் மூன்று முள் பிளக் சரியாக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். ஒயர் வெட்டிச் செருகிய இணைப்பு வேண்டவே வேண்டாம். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டியின் மேல்தான் சாய்ந்து அழுவார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் துணைக்கு வந்து நிற்பார்கள். சிலர் உடலை வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். அது சரியில்லை என்பதுதான் என் எண்ணம், ஆனாலும் அன்றைக்கு அதை வழக்காடிக்கொண்டிருக்க முடியாது. மருத்துவமனையில் இறந்தவர் என்றால் சில மணி நேரம் அங்கேயே பிணவறையில் வைத்திருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோகலாம், இறுதி மரியாதையை அங்கே வைத்துக்கொள்ளலாம். சொந்த ஊர் எட்டும் தூரம் என்றால் ஊருக்கே கொண்டுபோவதும் நல்ல வழிதான்.

எடுப்பு நேரம்

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க?" என்பதுதான் சாவு வீட்டைப் பற்றி எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் மயானத்தில் கேளுங்கள், அப்புறம் நேரம் சொல்லுங்கள். எரிவாயு தகன மேடையில் ஒரு நேரத்தில் ஓர் உடல்தான். முன்னால் இரண்டு உடல் பதிவாகியிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். மாலையில் கடைசியாக எத்தனை மணி வரை ஏற்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை என்றால் உடல் கைக்கு வரும் வரை எந்த நேரமும் சொல்ல வேண்டாம்.

மேடையில் கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் இவைதான்: டாக்டர் சீட்டு அல்லது மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, இறந்தவரின் ஆதார் நகல், பொறுப்பேற்பவரின் ஆதார் நகல், போலீஸ் வழக்கு என்றால் உடலை ஒப்படைத்த கடிதம். கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; இறப்புப் பதிவுக்கு வேண்டும்.

கிராமத்தில் இருந்தால் ஊராட்சித் தலைவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ எந்த மயானம் என்று கேளுங்கள். ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி மயானம், தனித்தனிப் பாதை என்கிற நிலை இந்த மாவட்டங்களில் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அரசு மயானம் எல்லாருக்கும் பொது. ஆனால் உடலைத் தூக்கிக்கொண்டு போய் வழியில் மறிபடுவது யாருக்கும் வரக் கூடாத நிலை. சிக்கல் வரும் என்று தோன்றினால் கிளம்பும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். நகராட்சித் தகன மேடையில் இந்தப் பேச்சே கிடையாது. புதிதாக வந்தவர்களுக்கு நான் அதையே சொல்வேன். சொந்த நிலம்தானே என்று வீட்டுப் பக்கத்திலோ தோட்டத்திலோ எரிப்பதும் புதைப்பதும் கூடாது. அதற்கென உரிமம் பெற்ற இடமாக இருக்க வேண்டும்.

சடங்கும் சாமான்களும்

நாட்டு மருந்துக் கடையிலோ பூஜை சாமான் கடையிலோ சாவுக்கு என்று சொன்னால் மண்குடம், கோடித்துணி, நெய், கற்பூரம், மஞ்சள், பன்னீர் என்று ஒரே பையில் கட்டிக் கொடுப்பார்கள். குளிப்பாட்டுவது, பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் எல்லாம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களின் முறை வேறு. லிங்காயத்துகள் உடலை உட்கார வைத்துப் புதைப்பார்கள். உங்கள் முறை எதுவோ அதைச் செய்யுங்கள். மேளக்காரர்களோ சடங்கு செய்பவரோ "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று சொன்னால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

கொள்ளி வைப்பது அப்பாவுக்குத் தலைமகன், அம்மாவுக்குக் கடைசி மகன் என்பது வழக்கம். மகள் வைப்பதையும் மனைவி வைப்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெண்கள் மயானத்துக்கு வருவதும் அப்படித்தான். வர விரும்பும் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தால், கடைசியாகப் பார்க்கவில்லையே என்ற குறை அவருக்குக் காலம் முழுக்க இருக்கும்.

ஊர்வலத்தில் மாலைகளைப் பிய்த்துச் சாலையில் வீசிக்கொண்டே போவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டி அந்தப் பூவில் வழுக்கி விழும். பட்டாசும் நெடுஞ்சாலையில் வேண்டாம். மாலைகளை ஒரு சாக்கில் கட்டி மயானத்திலேயே போட்டுவிடலாம்.

எரிவாயு மேடையில்

முதல் முறை பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருப்பது அதன் வேகம். உடலைப் பாடையிலிருந்து இரும்புத் தள்ளுவண்டியில் மாற்றுவார்கள். மாலை, பிளாஸ்டிக், கண்ணாடி வளையல், உலோகம் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். கடைசிச் சடங்கு அந்த வண்டியின் பக்கத்திலேயே. நெஞ்சின் மேல் கற்பூரம் ஏற்றியதும் வண்டி தண்டவாளத்தில் உள்ளே போகும், கதவு இறங்கும். அவ்வளவுதான். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே முகம் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் வண்டி நகரும் முன்பே பார்த்துவிட்டார்களா என்று உங்கள் ஆள் ஒரு முறை கேட்கட்டும். உள்ளே எரிந்து முடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். சாம்பலை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாமா, மறுநாள் வர வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விறகில் எரிப்பது

கிராமங்களில் இன்னும் இதுதான் அதிகம். சீமைக் கருவேலம், புளி, மா என்று கிடைக்கும் கட்டைகளை அடுக்குவார்கள். காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் கட்டை வந்து இறங்கினால் பாதியில் அணைந்து எல்லாருக்கும் வேதனை. உடலைக் கிடத்தி, மேலே வறட்டியை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈர மண்ணைக் குழைத்து மெழுகிவிடுவார்கள். முகம் மட்டும் கடைசி வரை திறந்திருக்கும். மெழுகிய மண்ணில் அங்கங்கே ஓட்டை விடுவது காற்று போவதற்காக. சூடு உள்ளேயே நிற்பதால் குறைந்த விறகில் இராமுழுக்க நிதானமாக எரியும்.

இதை மயானத்தில் பணி செய்பவர் ஒருவரே நின்று பார்த்துக்கொள்வார். தசைகள் சூட்டில் இறுகுவதால் கையோ காலோ மடங்கி மேலே எழும்பலாம், எலும்பு வெடிக்கும் சத்தமும் கேட்கலாம். அவர் நீளக் கழியால் தட்டிச் சரி செய்வார். உயிர் இருந்ததோ என்று யாரும் பதற வேண்டியதில்லை. உடம்பின் இயல்பு அது. கொள்ளி வைத்ததும் குடும்பத்தாரைத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லும் வழக்கத்தால் இந்தக் காட்சி அவர்கள் கண்ணில் படாமல் போகிறது. அந்த வழக்கத்தை நான் நல்லது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பணியாளருக்குக் கூலியை முன்பே பேசி, முழுதாகப் பணமாகக் கொடுங்கள். சாராயத்தைக் கூலியோடு சேர்ப்பது அவர் உடம்பைக் கெடுக்கும் வழக்கம். பேர் கேட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரவு முழுக்க உங்கள் அப்பாவின் பக்கத்தில் இருக்கப் போகிறவர் அவர்தான்.

அஸ்தி

மறுநாள் காலை பால், தண்ணீர் தெளித்து ஆற்றிய பிறகு எலும்புகளைத் தலை முதல் கால் வரை ஒவ்வோர் இடமாகப் பொறுக்கி மண் கலயத்தில் சேர்ப்பார்கள். சூடு உள்ளே தங்கியிருக்கும், வெறுங்கையைச் சட்டென்று விடாதீர்கள். கரைக்கப் பலரும் போவது ஒகேனக்கல்லுக்கு, தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிடும் ஆடி, ஆவணி மாதங்களில் வெள்ளம் வந்து ஆற்றில் இறங்கத் தடை போடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊத்தங்கரை, அரூர்ப் பக்கத்தவர்களுக்கு அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணை கிட்டம். சடங்கு செய்பவரிடம் தட்சிணையை முதலிலேயே பேசிவிடுங்கள். சாம்பலையும் எலும்பையும் மட்டும் ஆற்றில் விடுங்கள். துணி, மாலை, பிளாஸ்டிக் பையைக் கரையில் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பதிவும் அதற்குப் பிறகும்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். மருத்துவமனைச் சாவை அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். வீட்டில் நேர்ந்தது என்றால் நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும்: நகராட்சி, மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவு, கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். டாக்டர் சீட்டு, தகன ரசீது, ஆதார் நகல்களோடு காரியம் முடிவதற்குள் போய்வந்துவிடுங்கள். காரியம் 11, 16 என்று எந்த நாளில் வைத்தாலும் அதற்குள் முடிப்பது நல்லது, அப்புறம் உறவினர்கள் கலைந்ததும் இது தள்ளிக்கொண்டே போகும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்து வந்தவர் இறந்தால் தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. இறந்தவர் கட்டடத் தொழிலாளர் போன்ற நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஈமச்சடங்கு உதவியும் தனியாக உண்டு. அடையாள அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்காதீர்கள். செலவுக்குத்தானே என்று பலரும் எடுக்கிறார்கள். மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நியமனதாரர் (நாமினி) வழியாகவே வாங்குங்கள். ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் கருவூலத்துக்கும் வங்கிக்கும் உடனே தெரிவித்துவிடுங்கள். இறந்த பிறகு கணக்கில் ஏறிய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்பார்கள், குடும்ப ஓய்வூதியமும் அந்தக் கணக்கு தீர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.